பள்ளிக்கு நன்கொடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நான் செயலாளராக இருக்கிறேன். நூலகத்தை விரிவுபடுத்த நிதி வேண்டி எல்லாக் குடும்பங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பி இரண்டு மாதங்கள் ஆகின்றன. வழக்கமாகக் கொடுக்கும் ஏழெட்டுப் பேரைத் தவிர வேறு யாரும் அசையவில்லை. பெரும்பாலானோர் வசதியற்றவர்கள் அல்லர். கொடுக்க மனமில்லாதவர்கள் என்றுதான் முடிவுகட்ட வேண்டியிருக்கிறது. சுற்றறிக்கையின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் கருத்து என்ன?

பதில்: அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். உங்கள் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தேன். "பள்ளியின் பல்வேறு வளர்ச்சிப் பணிகளுக்குப் பெற்றோர்கள் தங்களால் இயன்ற நன்கொடையைத் தாராளமாக வழங்கி ஆதரவு நல்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அது தொடங்குகிறது. கேட்பவர் யார் என்று பாருங்கள். "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதரும் நிற்கவில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்றால் "பல்வேறு" என்கிறது. எவ்வளவு என்றால் "இயன்ற" என்கிறது. எப்போதைக்குள் என்பதற்குப் பதிலே இல்லை. நூலகம் மூன்றாவது பத்தியில், கழிப்பறைப் பராமரிப்புக்கும் விளையாட்டு விழாவுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. இந்தத் தாளைப் படிக்கும் பெற்றோர் கொடுக்கக் கூடாது என்று தீர்மானிப்பதில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குளிர்பதனப்பெட்டியின் மேல் வைக்கிறார். அங்கேயே அது கிடக்கிறது.

அதே செய்தியை இப்படி எழுதிப் பார்க்கலாம்: "நம் நூலகத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் தாமாக எடுத்துப் படிக்கக்கூடிய புத்தகங்கள் ஒரே ஓர் அலமாரியில்தான் இருக்கின்றன, அவற்றிலும் பாதிக்கு மேலட்டை இல்லை. இந்தப் பருவம் முடிவதற்குள் 200 புத்தகங்கள் வாங்க விரும்புகிறோம். அவற்றில் 60 புத்தகங்களுக்கான பணத்தைக் கழக நிர்வாகிகளாகிய நாங்கள் போட்டுவிட்டோம். உங்கள் குடும்பத்தின் சார்பில் ஒரு புத்தகமாவது அந்த அலமாரியில் சேர வேண்டும் என்பது எங்கள் விருப்பம்." இதன் கீழே ஒரு புத்தகத்தின் சராசரி விலை, கடைசித் தேதி, கேட்பவரின் பெயர், அவருடைய தொலைபேசி எண் ஆகியவை இருந்தால் போதும். முதல்வர், தாளாளர், தலைவர், துணைத்தலைவர் என்று நான்கு முத்திரைகள் வேண்டியதில்லை.

நிர்வாகிகள் முதலில் பணம் போட வேண்டும் என்று நான் சொல்வது வெறும் நாகரிகம் கருதி அன்று. ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரைலி என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு பல்கலைக்கழக மையத்துக்குக் கணினிகள் வாங்குவதற்காக 3,000 வீடுகளுக்குக் கடிதம் அனுப்பி நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. தேவையான தொகையில் 10 சதவீதம் கைவசம் உள்ளது என்று சிலருக்கும், 67 சதவீதம் உள்ளது என்று வேறு சிலருக்கும் எழுதினார்கள். இரண்டாவது கடிதத்தால் திரண்ட தொகை முதலாவதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. முடியக்கூடிய வேலை என்று தெரிந்தால்தான் நாமும் கை வைப்போம். வெறும் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு வருபவரிடம் நமக்கு இரக்கம் வரலாம், நம்பிக்கை வருவதில்லை.

உங்கள் ஏழெட்டுப் பேரில் சற்று வசதியானவர் ஒருவர், மற்றவர்கள் தரும் தொகைக்கு ஈடாகத் தாமும் தருவதாகச் சொன்னால் அதையும் கடிதத்தில் தெரிவியுங்கள். டீன் கார்லனும் ஜான் லிஸ்டும், ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்துக்கு முன்பே நன்கொடை அளித்திருந்த 50,000க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஈட்டுத்தொகை உண்டு என்று சொன்னபோது, அனுப்பிய கடிதம் ஒன்றுக்குக் கிடைத்த வருவாய் 19 சதவீதம் கூடியது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்றாலும் ஒன்றுக்கு மூன்று என்றாலும் விளைவில் வேறுபாடு இல்லை. ஆகவே அந்த நல்ல மனிதரை மும்மடங்கு கொடுக்கச் சொல்லி வருத்தாதீர்கள்.

கடிதத்தோடு நின்றுவிடவும் கூடாது. வகுப்புக்கு ஒரு பெற்றோர் என்று பொறுப்பேற்று, தமக்கு அறிமுகமான பத்துக் குடும்பங்களிடம் பேசட்டும். பேசுபவர் தாமும் ஒரு புத்தகத்துக்குக் கொடுத்தவராக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எவ்வளவு திரண்டது என்பதைவிட எத்தனை குடும்பங்கள் சேர்ந்தன என்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. தொகையை இலக்காக்கினால் உங்கள் கண் மீண்டும் அந்த ஏழெட்டுப் பேரிடமே போகும். குடும்பங்களை எண்ணத் தொடங்கினால், ஒற்றைப் புத்தகம் தருபவரும் உங்களுக்கு முக்கியமானவராகிவிடுவார்.

கேள்வி: நான் ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகப் பணியாற்றுகிறேன். மாணவர்களிடம் வசூல் அட்டை கொடுத்து அனுப்பி, அதிகம் திரட்டும் மாணவருக்குப் பரிசு வழங்கினால் நிதி விரைவில் சேரும் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு யோசனை எழுந்துள்ளது. இது ஏற்கத்தக்கதா?

பதில்: எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் மகள் படித்த பள்ளியின் பெற்றோர் குழுவில் நான் பொருளாளராக இருந்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளின் பெயர்களை எழுதிய அட்டவணை ஒன்றை ஒட்டி, கவர் கொண்டுவந்த பிள்ளையின் பெயருக்கு எதிரே பொன்னிற நட்சத்திரம் ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னபோது, தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். மூன்றாவது வாரம் மகளின் வகுப்பறைக்குப் போயிருந்தேன். வரிசையாக மின்னிய நட்சத்திரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் மஞ்சள் தாளில் கத்தரிக்கப்பட்டு, ஒரு முனை நீண்டு, பசை கசிந்து ஒட்டியிருந்தது. அந்தப் பெயருக்குரிய குடும்பத்திலிருந்து கவர் வரவில்லை என்பது கணக்குப் புத்தகம் வைத்திருந்த எனக்குத் தெரியும். அந்தக் குழந்தை தானே ஒரு நட்சத்திரம் செய்து தன் பெயருக்கு எதிரே ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலையே எல்லா அட்டவணைகளையும் கிழித்தோம். ஆனால் மூன்று வாரங்கள் அவை சுவரில் இருந்தது இருந்ததுதான்.

பரிசு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இஸ்ரேலில் 180 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இருவர் இருவராக வீடு வீடாகச் சென்று பொதுக் காரியங்களுக்கு நிதி திரட்டியபோது, யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற ஆய்வாளர்கள் அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்த வேலையின் முக்கியத்துவத்தை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குத் திரட்டும் தொகையில் 1 சதவீதத்துக்கு ஈடான பணமும், மூன்றாவது குழுவுக்கு 10 சதவீதத்துக்கு ஈடான பணமும் ஊதியமாகத் தருவதாக அறிவித்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின்படி, அதிகம் திரட்டியவர்கள் எதுவும் பெறாதவர்கள்தான். 10 சதவீதக் குழு அடுத்து வந்தது, 1 சதவீதக் குழு கடைசியில் நின்றது. நல்ல காரியம் என்று கிளம்பிய பிள்ளையின் கையில் கூலியைத் திணித்ததும், இந்தக் கூலிக்கு இவ்வளவு போதும் என்று அது கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

பிள்ளைகளுக்கு இதில் பங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்த புத்தகங்களுக்கு எண் இடுவது, அட்டை போடுவது, நன்றிக் கடிதம் எழுதுவது எல்லாம் அவர்களின் வேலையாகவே இருக்கட்டும். பணம் கேட்பதும் கொடுப்பதும் மறுப்பதும் பெரியவர்களுக்கு இடையே நடக்க வேண்டியவை.

கேள்வி: நான் ஒரு தாய். பள்ளிக் கட்டணம் கட்டுவதற்கே திணறுகிறோம். இந்நிலையில் பருவந்தோறும் ஏதாவது ஒரு நன்கொடை கேட்கிறார்கள். கொடுத்தவர்களின் பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். மறுத்தால் மகனை வேறுவிதமாக நடத்துவார்களோ என்று அஞ்சிக் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நான் செய்தது சரியா?

பதில்: அம்மா, இனிமேல் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். கட்டாயமாகக் கேட்பது கட்டணம். மறுக்க முடிகிறபோதுதான் அது நன்கொடை. "இந்த முறை எங்களால் இயலவில்லை" என்ற ஒரு வரி போதும். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பட்டியல் போடுவதை நிறுத்தும்படி கழகத்தின் தலைவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால், உங்களைப் போலவே அந்தப் பட்டியலைப் பார்த்துக் கூசும் இன்னொரு பெற்றோர் அதே குழுவில் நிச்சயம் இருப்பார், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் போடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூச்சத்தினால் பணம் வரும் என்பது உண்மைதான். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, ஜான் லிஸ்ட், உல்ரிக்கே மால்மெண்டியர் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நிதி திரட்டுபவர் எந்த நேரத்தில் வருவார் என்று முன்கூட்டியே கதவில் ஒரு துண்டுச்சீட்டு வைத்தபோது, கதவைத் திறப்பவர்களின் விகிதம் 9 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. "தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று குறியிடும் கட்டமும் அந்தச் சீட்டில் இருந்தபோது, நன்கொடை அளிப்பது 28 முதல் 42 சதவீதம் வரை சரிந்தது. குறைந்தவை பெரும்பாலும் சிறிய தொகைகள். வீட்டு வாசலில் வந்து கேட்பவரை மறுநாள் நாம் பார்க்கப்போவதில்லை. பள்ளியோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே வாயிலில் ஒரே முகங்களைப் பார்த்துக்கொள்ளும் இடம். கூசிக்கொண்டு ஒருமுறை கொடுத்தவர் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வராமலே இருந்துவிடுவார். அந்தத் தொகையை விட அவர் வருவது பள்ளிக்கு அதிகம் தேவை என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: கொடுப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் சென்ற ஆண்டு கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. கணக்குக் கேட்டால் "உங்களுக்கு எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்கிறார்கள். கணக்குக் கேட்பது தவறா?

பதில்: தவறில்லை; கேட்க வைத்ததுதான் தவறு. பள்ளியின் அன்றாடச் செலவுகளோடு கலவாத தனி வங்கிக் கணக்கு, பணம் எடுக்க இருவர் கையொப்பம், அவர்களில் ஒருவர் பள்ளியில் சம்பளம் வாங்காத பெற்றோர், சிறு தொகைக்கும் எண்ணிட்ட ரசீது, பருவ முடிவில் வரவு செலவை எல்லாரும் பார்க்கும்படி ஓர் ஒற்றைப் பக்க அறிக்கை: இவ்வளவையும் செய்ய ஒரு பொருளாளருக்கு மாதத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். அந்த அறிக்கையில் பணமும் பொருளும் சேர்ந்து வர வேண்டும். "நூலக மேம்பாடு" என்று எழுதி எதிரே ஒரு தொகையைப் போட்டால் அது கணக்கு ஆகாது. எத்தனை புத்தகங்கள், எந்த வகுப்புகளுக்கு, மீதி எவ்வளவு, அந்த மீதி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். அச்சுச் செலவு, தபால் செலவு போன்றவற்றைக் கழக நிர்வாகிகளோ ஒரு பெரிய நன்கொடையாளரோ தனியாக ஏற்றுக்கொண்டு, "நீங்கள் தரும் பணம் முழுவதும் புத்தகத்துக்கே போகிறது" என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. 40,000 பேரிடம் நடத்தி 2014இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வில், நிர்வாகச் செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்ற அறிவிப்பு, ஈட்டுத்தொகை அறிவிப்பைவிடவும் அதிக நன்கொடையைக் கொண்டுவந்தது.

கேள்வி: பெற்றோர் ஒருவர் தம் அலுவலகத்தில் கழித்த பத்துக் கணினிகளைப் பள்ளிக்குத் தர முன்வந்திருக்கிறார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று தயங்குகிறோம்.

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். தீனி போடப்போவது நீங்கள்தானே. பழுதுபார்க்கும் செலவும் இடமும் மின்சாரமும் உங்களுடையவை. ஓடாத இயந்திரங்களை அப்புறப்படுத்தும் தொல்லையும் உங்களுடையதே. ஒன்றை வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு மற்றவற்றைப் பற்றி முடிவு செய்வதாக அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். உண்மையாகவே உதவ நினைப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: ஒருவர் வகுப்பறை ஒன்றையே கட்டித் தருவதாகச் சொல்கிறார். கல்வெட்டில் தம் பெயர் இருக்க வேண்டும் என்றும், அடுத்த ஆண்டு தம் பேரனுக்கு இடம் தர வேண்டும் என்றும் கேட்கிறார். ஏற்கலாமா?

பதில்: கல்வெட்டை வையுங்கள்; அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேரனுக்கு விண்ணப்பப் படிவம் கொடுங்கள், மற்றப் பிள்ளைகளுக்கு எந்தத் தேதியில் கொடுக்கிறீர்களோ அதே தேதியில். அதைக் கேட்டபின் அவர் வகுப்பறையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், அது நன்கொடையாக வந்ததில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.