சின்னத் தொண்டு நிறுவனத்தில் திருட என்ன இருக்கிறது?

‘நாங்கள் சிறிய தொண்டு நிறுவனம். கையில் பணமே இல்லாத எங்களை ஹேக்கர்கள் எதற்குத் தேடி வரப்போகிறார்கள்? பாதுகாப்புக்கென்று தனியாகச் செலவு செய்யத்தான் வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் நிர்வாகக் குழுவில் யாரோ இப்படிச் சொல்லி உங்கள் வாயை அடைத்திருப்பார்கள். எங்கள் குழுவிலும் இதே பேச்சுதான்.

உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் போலி லாகின் பக்கத்துக்கு இழுக்கும் மெயில் ஆள் பார்த்துப் போவதில்லை. ஆயிரக்கணக்கான முகவரிகளுக்கு ஒரே நாளில் போகிறது. பாஸ்வேர்டு சிக்கிய பிறகுதான் சிக்கியது யார் என்றே பார்க்கிறார்கள். தொண்டு நிறுவனம் என்றால் அவர்களுக்கு இன்னும் வசதி. ஊழியர் பெயர், பொறுப்பு, மெயில் முகவரி, எந்தத் திட்டத்துக்கு யார் நிதி தந்தார்கள் என்பதெல்லாம் நாமே இணையதளத்தில் போட்டிருக்கிறோம். வெளிப்படையாக இருக்க வேண்டியவர்கள் நாம், போடாமலும் முடியாது.

நான் ஐடி ஆள் இல்லை, நிர்வாகம் பார்க்கிறவள். ‘இவளுக்கு என்ன தெரியும்’ என்று யாராவது கமெண்டில் வந்தால் வரட்டும். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியேறிய பெண்களோடு வேலை செய்யும் அமைப்பு எங்களுடையது. எங்களுக்குப் பொருள் சப்ளை செய்யும் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மெயில் தொடருக்கே பதிலாக வந்தது. இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, அவர் கடைசியில் போடும் ‘அன்புடன்’கூட அப்படியே இருந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் புதுசு: ‘எங்கள் பழைய வங்கிக் கணக்கில் தணிக்கை நடப்பதால் இந்த முறை கீழே உள்ள கணக்குக்கு அனுப்பவும்.’

எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். கணக்கு எண் மாறுகிறது என்றால் போன் போட்டுக் கேட்காமல் பணம் அனுப்பவே மாட்டார். அதுவும் மெயிலில் இருக்கும் எண்ணுக்குப் போட மாட்டார், பழைய கோப்பைத் தேடி எடுத்து அதிலிருக்கும் எண்ணுக்குத்தான் போடுவார். ‘இவ்வளவு சந்தேகம் எதற்கு’ என்று அவரைச் சலித்துக்கொண்டவர்கள் உண்டு. அன்றும் போட்டார். ‘நான் எந்தக் கணக்கையும் மாத்தலையேம்மா’ என்றார் மறுமுனையில். பணம் தப்பியது.

ஆனால் இன்வாய்ஸ் எண் மோசடிக்காரர்களுக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் ஒருங்கிணைப்பாளரின் மெயில் செட்டிங்ஸைத் திறந்தபோது, அவர் வைக்காத ஒரு விதி அதில் இருந்தது. ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் வரும் மெயில் எல்லாம் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கு ஃபார்வர்டு ஆகிக்கொண்டிருந்தது. அந்த விதியை அழிக்காமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றியிருந்தால், மெயில் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

ஒருங்கிணைப்பாளர் அனுப்பிய மெயில்களில் ஓர் எக்செல் கோப்பும் இருந்தது. நிதி தரும் ஓர் அமைப்பு கட்டாயம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய பயனாளிகள் பட்டியல். பெயர், போன், இப்போது தங்கியிருக்கும் முகவரி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி எல்லாம் அதில் உண்டு. அது திறக்கப்பட்டதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னோம். நான் பேசியவர்களில் ஒருவர், நான் சொல்லி முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. அப்புறம், ‘அப்போ நாங்க திரும்ப வீடு மாத்தணுமா மேடம்?’ என்று கேட்டார். மாற்றினார். பிள்ளையின் பள்ளியையும் மாற்ற வேண்டியிருந்தது. திருட என்ன இருக்கிறது என்று உங்கள் குழுவில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நிதி தருபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நன்றி கெட்டவள் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் இல்லாமல் எங்கள் வேலை இல்லை. ஆனால் எண்ணிக்கை போதாதா, நேரில் வந்து சரிபார்த்தால் போதாதா, முகவரி எதற்கு? பட்ஜெட்டில் கணினிப் பாதுகாப்பு என்று ஒரு வரி போட்டால் ‘நிர்வாகச் செலவு’ என்று அதைத்தான் முதலில் அடிக்கிறார்கள்.    

இது எங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2017இல், குழந்தைகளுக்காக வேலை செய்யும் சேவ் தி சில்ட்ரன் அமைப்பின் அமெரிக்கப் பிரிவில் ஓர் ஊழியரின் மெயிலுக்குள் புகுந்து, பாகிஸ்தான் சுகாதார மையங்களுக்குச் சோலார் பேனல் என்று பொய்யான பில்களைக் காட்டி, சுமார் 10 லட்சம் டாலரைச் சுருட்டினார்கள். பெரும்பகுதி காப்பீட்டில் திரும்பியது, உங்களுக்கும் எனக்கும் அந்தக் காப்பீடு இருக்காது. 2022 ஜனவரியில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவில் 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரம் களவு போனது தெரியவந்தது. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், காவலில் இருப்பவர்கள். ஒரு மென்பொருளின் ஓட்டையை அடைக்க வந்திருந்த பேட்ச் (திருத்தம்) போடப்படாமல் இருந்தது, முந்தைய நவம்பரிலேயே அந்த வழியாக உள்ளே வந்துவிட்டார்கள்.

செலவு பற்றிக் கேட்டீர்கள். முதலில் செய்ய வேண்டியவற்றுக்குக் காசே வேண்டாம். எல்லா மெயில் கணக்குக்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பு, போடுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட, அந்த எண்ணைத் தரும் ஆப் மேல். விலகிப்போன தன்னார்வலர்களின் கணக்கை அன்றே மூடுங்கள். ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று திறந்து கிடக்கும் கோப்புகளைத் தேடிப் பிடித்து மூடுங்கள். கூகுளும் மைக்ரோசாஃப்டும் தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ சேவை தருகின்றன. இணையதளம் தாக்கப்படும் அமைப்புகளுக்கு கிளவுட்ஃபிளேர் என்ற கம்பெனி 2014 முதல் புராஜெக்ட் கலிலியோ என்று இலவசப் பாதுகாப்பு தருகிறது. பேக்கப்பில் ஒரு பிரதியாவது கணினியிலிருந்து கழற்றி வைத்ததாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட, தேவையில்லாததைச் சேர்க்காதீர்கள், முடிந்த திட்டத்தின் பட்டியலை அழியுங்கள். நாங்கள் இப்போது பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போட்டுத்தான் அனுப்புகிறோம். நிதி தருபவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

‘எங்கள் டேட்டா எல்லாம் கிளவுடில், ஒரு கம்பெனி பார்த்துக்கொள்கிறது’ என்பீர்களானால், 2020இல் பிளாக்பாட் என்ற கம்பெனியில் நடந்த டேட்டா திருட்டைப் படியுங்கள். நன்கொடையாளர் விவரத்தை அவர்களிடம் வைத்திருந்த 13,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். வங்கி விவரம் போகவில்லை என்று முதலில் சொன்னார்கள், சில மாதம் கழித்துப் போனது என்றார்கள். உங்களிடம் எப்போது, எப்படிச் சொல்வார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அதோடு, விவரம் வெளியே போனால் யாரை யார் கூப்பிட்டுச் சொல்வது என்று, போன் எண்களோடு, காகிதத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்த அன்று கணினியில் இருக்கும் பட்டியலைத் திறக்க முடியாது.