மாலை போட்ட மறுநாள் கை ஏன் நடுங்குகிறது?

மருந்தியல் ஆய்வகத்தில் பல வருடம் எலிகளோடு இருந்தவன் நான். குடியைப் பற்றிக் காரைக்குடி வட்டாரத்தில் என்னிடம் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும்:

பள்ளத்தூர்: ஐயா, அண்ணன் பத்து வருடமாகத் தினமும் குடிப்பவர். பழனி நடைப்பயணத்துக்கு மாலை போட்டதும் ஒரேயடியாக நிறுத்தினார். மறுநாள் காலையில் கை நடுக்கம், ராத்திரி வலிப்பு. விரதத்தில் ஏதோ குறை என்று ஆத்தா அழுகிறார்.

விரதத்தில் ஒரு குறையும் இல்லை தம்பி, ஆத்தாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். ஓடும் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையில் வடம் இழுப்பது குளுட்டமேட் என்ற ரசாயனம், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது காபா என்ற ரசாயனம். மது உள்ளே போனால் கட்டை இறுகும், வடம் தளரும். தினமும் இதே கதி என்றால் மூளையும் ஈடுகட்டும்: குளுட்டமேட்டின் சேதியை வாங்கும் ஏற்பிகள் பெருகும், காபாவின் ஏற்பிகள் மந்தமாகும். அப்போது மதுவைச் சட்டென்று எடுத்தால், இழுக்க ஆள் அதிகம், தடுக்கக் கட்டை இல்லை. நடுக்கமும் வலிப்பும் அதனால்தான்.

1970களில் டோரா கோல்ட்ஸ்டைன் என்ற அமெரிக்க மருந்தியலாளர் சுண்டெலிகளை மூன்று நாள் மது ஆவியில் வைத்து வெளியே எடுத்தார். சில மணி நேரம் கழித்து வாலைப் பிடித்துத் தூக்கினால் போதும், உடம்பு விறைத்து வெட்டி இழுக்கும். அந்த எலிக்கு விரதமும் தெரியாது, மனஉறுதியும் தெரியாது.

தேவகோட்டை: எலி தானாக ஆசைப்பட்டுக் குடிக்குமா, டாக்டர்?

இனத்தைப் பொறுத்தது ஆச்சி. கூண்டில் தண்ணீர் பாட்டில் ஒன்று, மது கலந்தது ஒன்று வைத்தால் சி57 சுண்டெலி மதுவுக்குப் போகும், டிபிஏ சுண்டெலி ஒதுங்கிவிடும். மெக்ளெர்ன், ராட்ஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959லேயே இதை எழுதிவிட்டார்கள். பரம்பரைக்கும் பங்கு உண்டு.

கோட்டையூர்: வீட்டுக்காரர் நாலாவது தடவையாக நிறுத்துகிறார். ஒவ்வொரு தடவையும் அவஸ்தை கூடுகிறதே?

கூடத்தான் செய்யும் அம்மா. விட்டு விட்டு மது கொடுத்த சுண்டெலிகளுக்கு, அதே அளவைத் தொடர்ந்து கொடுத்தவற்றைவிட வலிப்பு கடுமையாக வந்தது. அதனால் இந்த முறை வீட்டில் வைத்து நிறுத்த வேண்டாம். ஆஸ்பத்திரியில் டயாசிபாம் போன்ற மருந்தை முட்டுக்கட்டையாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

காரைக்குடி: எலியில் பலித்தது மனிதனுக்கும் பலிக்குமா?

சிலது பலித்தது. எலியிலும் குரங்கிலும் குடியைக் குறைத்த நால்ட்ரெக்சோன் என்ற மருந்துக்கு 1994இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மன அழுத்தச் சுரப்பான சிஆர்எஃப்பைத் தடுக்கும் மருந்துகள் எலியில் அருமையாக வேலை செய்தன, மனிதர்களிடம் ஏமாற்றிவிட்டன. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.