முதல் ரேஸுக்கு முன்னால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கோவையில் ஒரு மில் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சொந்தமாக 160 சிசி பைக் இருக்கிறது. அடுத்த சீசனில் பெண்கள் பிரிவில் இறங்க ஆசை. கையில் இருக்கும் பணத்தில் என்ஜினை ட்யூன் பண்ணட்டுமா, லெதர் சூட் வாங்கட்டுமா? – வாசகி, கோவை

பதில்: சூட் வாங்கு தங்கச்சி. புதுசாக வருகிறவர்கள் இறங்கும் ஸ்டாக் பிரிவில் வண்டி கிட்டத்தட்ட கம்பெனி கொடுத்தபடியேதான் இருக்க வேண்டும். விதிமுறைப் புத்தகத்தைப் படிக்காமல் என்ஜினைப் பிரித்தால் பணமும் போகும், ரேஸ் முடிந்து வண்டியைச் சோதிக்கும்போது ஜெயித்த இடமும் போகும். டிவிஎஸ் மாதிரி கம்பெனிகள் நடத்தும் ஒன்-மேக் ரேஸுக்கும் முயற்சி செய். தேர்வுச் சுற்றில் எடுத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே வகை வண்டியை அவர்களே கொடுத்துவிடுவார்கள்.

சூட்டைப் பழையதாகவும் வாங்கலாம். தோள், முழங்கை, இடுப்பு மூன்று இடத்திலும் தையலை நன்றாக இழுத்துப் பார்த்து வாங்கு. ஹெல்மெட் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம். ஒரு தடவை அடி வாங்கினாலே உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. மணிக்கட்டை மூடும் க்ளவுஸ், கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், முதுகுக் காப்பு இவையும் வேண்டும்.

மிச்சப் பணம் அத்தனையும் ட்ராக்கில் ஓட்டுவதற்குப் போகட்டும். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே ஒரு பயிற்சி முகாமில் சேர்ந்துவிட்டு, அப்புறம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு வா. அது 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. முதலில் லேப் டைமை, அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை, பார்க்காதே. ஒவ்வொரு வளைவுக்கும் ஓரத்தில் ஒரு அடையாளம் பிடித்துக்கொள்: பலகை, தார் மாறும் இடம், ஏதோ ஒன்று. எல்லா லேப்பிலும் அதே இடத்தில் பிரேக், அதே இடத்தில் திரும்பு, அதே இடத்தில் த்ராட்டில். அது படிந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. 100 கிலோமீட்டர் வேகம் 120 ஆனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலோ 44 சதவீதம் கூடிவிடுகிறது. புதுப் பசங்க வளைவில் நேராக மண்ணுக்குள் போவது பெரும்பாலும் இந்தக் கணக்கு கைக்கும் காலுக்கும் பழகாததால்தான்.

இப்படி எல்லா லேப்பிலும் ஒரே கோட்டில் ஓட்டு என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் ரேஸில் உன்னைவிட வேகமானவர்கள் பின்னால் வருவார்கள். நீ எங்கே பிரேக் பிடிப்பாய், எங்கே திரும்புவாய் என்று அவர்களுக்குத் தெரிந்தால், பத்திரமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். வழி விடுகிறேன் என்று வளைவு நடுவில் ஒதுங்கினால் இரண்டு பேரும் விழுவீர்கள். வேகமானவர் பின்னால் வருகிறார் என்று சொல்லும் நீலக் கொடியைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காதே. உன் கோட்டிலேயே போ.

மஞ்சள் கொடி வேறு விஷயம். அது முன்னால் ஆபத்து என்பதற்கான அடையாளம். மஞ்சள் காட்டிய இடத்தில் யாரையும் முந்தக் கூடாது. அங்கே விழுந்த ஆளைத் தூக்க, ட்ராக் ஓரத்தில் பாதுகாப்புக்கு நிற்கும் மார்ஷல் ட்ராக்குக்குள் இறங்கியிருக்கலாம். முந்தினால் தண்டனை உண்டு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த மார்ஷலுக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கிறார்கள் தங்கச்சி.

கேள்வி: தம்பி முதல் தடவையாக ரேஸ் ஓட்டப் போகிறான். நான் பைக் மெக்கானிக், அவனோடு பிட்டில் (ட்ராக் ஓரத்தில் வண்டியைக் கவனிக்கும் இடத்தில்) இருப்பேன். ரேஸுக்கு முன்னால் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் எதைப் பார்ப்பார்கள்? – வாசகர், சேலம்

பதில்: கண்ணாடி, ஸ்டாண்டு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாத விளக்குக்கு டேப் ஒட்டுங்கள். பிரேக் பேட், செயின் தளர்வு, த்ராட்டிலை விட்டதும் சட்டென்று மூடுகிறதா, இதெல்லாம் உங்களுக்குக் கைவந்த வேலை.

கடையில் பழகாத வேலை லாக் ஒயர், அதாவது போல்ட் கழன்றுவிடாமல் கம்பியால் கட்டுவது. ஆயில் ட்ரெயின் போல்ட்டின் தலையில் மெல்லிய துளை போட்டு, எவர்சில்வர் கம்பியை நுழைத்து, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, பக்கத்தில் அசையாத ஓர் இடத்தில் கட்ட வேண்டும். கம்பி போல்ட்டை இறுகும் பக்கமாக இழுக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் கட்டாததற்குச் சமம். அதிகமாக முறுக்கினால் கம்பி அங்கேயே அறுந்துவிடும். வெட்டிய முனையை உள்பக்கம் மடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். ஆயில் ஊற்றும் மூடிக்கும் இதே மாதிரி கட்டுங்கள். உங்கள் வண்டியிலிருந்து கொட்டும் ஆயிலில் விழப்போவது பின்னால் வரும் யாரோ ஒரு பையன்.

லிக்விட் கூல் வண்டியா? என்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் திரவத்தை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கூலன்ட்டில் உள்ள க்ளைக்கால் தரையில் சிந்தினால் லேசில் காயாது, டயர் வழுக்கும்.

கேள்வி: ரேஸ் அன்று என்ன சாப்பிடலாம்? – வாசகர், மதுரை

பதில்: காலையில் இட்லி போதும். பிரியாணியை ரேஸ் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் லெதர் சூட்டுக்குள் உடம்பு தண்ணீரை வேகமாக இழக்கும். தலை லேசாகச் சுற்றினாலே பிரேக் பிடிக்கும் இடம் தள்ளிப் போய்விடும். முந்தின நாளிலிருந்தே தண்ணீர், இளநீர், உப்புப் போட்ட மோர் என்று குடித்துக்கொண்டே இருங்கள். பிட்டுக்கு வந்ததும் சூட்டை இடுப்பு வரை இறக்கிவிட்டு நிழலில் உட்காருங்கள். ரேஸுக்குக் கூப்பிடுவதற்கு அரை மணி முன்னால் பாத்ரூம் போய்விட்டு வந்து, அப்புறம் ஜிப்பை ஏற்றுங்கள்.