விளிம்பு, யாருக்கு விளிம்பு?

கேள்வி: ஸ்டார் வார்ஸ் படங்களின் உலகில் மையக் கோள்கள், நடு விளிம்பு, வெளி விளிம்பு என்று விண்மீன் மண்டலத்தையே வட்டம் வட்டமாகப் பிரித்து, கோளுக்குக் கோள் பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் ஒரு விண்வெளித் தொடர்கதை எழுதுகிறேன். வெளி விளிம்பில் இருக்கும் என் பனிக்கோளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் நம்பும்படி இருக்காது என்கிறார்கள் தோழிகள். ஆங்கிலப் பெயரே வைத்துவிடலாமா?
– கல்லூரி மாணவி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: பெயர் இருக்கட்டும் தங்கச்சி. முதலில் அந்த ‘வெளி விளிம்பு’ பற்றிப் பேசிவிடுவோம். அந்தச் சொல்லைக் கண்டதும் எனக்கு மேற்கொண்டு படிக்க ஓடவில்லை.

விளிம்பு என்றால் யாருக்கு விளிம்பு? அந்தக் கதையுலகின் வரைபடத்தில் கோருசன்ட் என்ற தலைநகர்க் கோள் இருக்குமிடம் பூச்சியம், பூச்சியம், பூச்சியம். விண்மீன் மண்டலத்தின் நட்டநடு அங்கே இல்லை, இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆட்சி எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கிருந்து அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். பூமியிலும் இதுதான் நடந்தது. 1884-ல் வாஷிங்டனில் கூடிய நாடுகள் லண்டனின் கிரீனிச் வழியாகப் போகும் கோட்டைப் பூச்சியம் என்று முடிவு செய்தன. உலகக் கப்பல்களில் பெரும்பங்கு அப்போதே அந்தக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே நின்று பார்க்கிறவருக்குத்தான் பினாங்கு ‘தூரக் கிழக்கு’. ஆயர் ஈத்தாம் சந்தையில் உட்கார்ந்து லக்சா சாப்பிடுகிறவருக்கு எது தூரம்?

துனீசியாவின் தெற்கே டட்டாவீன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1976-ல் அந்த நாட்டுக்கு ஸ்டார் வார்ஸ் படமெடுக்கப் போனவர்கள், இரண்டு சூரியன் காயும் தங்கள் பாலைக்கோளுக்கு அந்த ஊர்ப்பெயரையே கொஞ்சம் மாற்றி டாட்டூயீன் என்று வைத்துக்கொண்டார்கள். படத்தில் அது நாதியற்ற வெளி விளிம்பு. நிஜ டட்டாவீனோ ஒரு மாநிலத்துக்கே தலைநகர்! இன்னொன்றையும் கவனியுங்கள். நாயகன் லூக் வளர்ந்த மணல்காடு, அவன் குரு யோடா ஒளிந்திருந்த டகோபா சதுப்புநிலம், ஹோத்தின் பனிவெளி, எண்டோரின் காட்டு நிலா, எல்லாமே வெளி விளிம்புதான். கதையின் உயிர் முழுக்க அங்கே இருக்கிறது, பெயரை மட்டும் மையம் வைத்திருக்கிறது.

நான் செபராங் பிறையில் ஒரு கித்தா தோட்டத்தில் பிறந்தவன். பட்டணத்து உறவுக்காரர்கள் எங்களைப் பற்றி “அவங்க உள்ளுக்குள்ள இருக்காங்க” என்பார்கள். என் அம்மாவுக்கு உலகம் மேட்டு லயத்திலிருந்துதான் தொடங்கியது. அங்கிருந்து செம்மண் சடக்கில் நடந்து, பஸ் பிடித்துப் போனால் வருகிற ஏதோ ஓர் ஊர் பட்டர்வொர்த். பல ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் வந்த ஒரு தொகுப்பில் என் சிறுகதையைச் சேர்த்து, அதைப் ‘புலம்பெயர்ந்தோர்’ என்ற தலைப்பின் கீழ் போட்டார்கள். நான் எந்தப் புலத்திலிருந்தும் பெயரவில்லை, பிறந்த லயத்துக்குப் பத்து மைலுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கடிதம் எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. இந்தப் பக்கத்தில் இதைப் பலமுறை சொல்லியாயிற்று. அந்தச் சொல் அச்சில் வந்துகொண்டிருக்கும்வரை இன்னும் சொல்வேன்.

சரி, பெயருக்கு வருவோம். பட்டர்வொர்த் பக்கம் நின்று வடக்கே பார்த்தால் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, பழைய கடாரத்து மண். 1025-ல் கடல் தாண்டிப் படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டில் பொறித்த புகழ்ப்பாட்டில், இந்தப் பக்கத்து ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஒன்றுகூட வெறும் பெயராக வரவில்லை. ‘ஆழ்கடல் அகழ்சூழ் மாயிருடிங்கம்’, ‘தேனக்கவார் பொழில் மாநக்கவாரம்’, ‘தொடுகடற் காவல் கடுமுரட் கடாரம்’. கடலே அகழியான ஊர், சோலையெல்லாம் தேன் சேரும் தீவு, கடல் காவல் நிற்கும் முரட்டு நகரம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எந்த விண்வெளிக் கதையின் வரைபடம் இதற்கு ஈடாகும்? ஜெயித்தவன் எழுதிய பட்டியல்தான் இது. சோழநாடு மையம், நாம் விளிம்பு. அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அந்தப் புலவர் ஒவ்வோர் ஊரிலும் என்ன இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். உங்கள் பனிக்கோளில் பனியைத் தவிர என்ன இருக்கிறது?

படங்களில் ஒரு கோள் முழுக்க மணல், இன்னொன்று முழுக்கப் பனி, அடுத்தது முழுக்கக் காடு. ஏன் அப்படி ஆனது என்று கேட்பாரில்லை. சிலப்பதிகாரம் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து, நல்லியல்பு இழந்துதான் ‘பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’. பாலை பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறது. அந்த ஒரு வரிக்குள் பத்து நாவல் இருக்கிறது.

தமிழ்ப் பெயர் ஒட்டாது என்ற தோழிகளிடம் பைடூரியைப் பற்றிச் சொல்லுங்கள். 2019-ல் நாட்டுக்கு ஒரு விண்மீனும் அதன் கோளும் பெயர் சூட்டக் கொடுக்கப்பட்டபோது, மலேசியா தன் விண்மீனுக்கு இந்தான் என்றும் கோளுக்குப் பைடூரி என்றும் வைத்தது. வைரம், ஓபல் கல் என்று மலாயில் பொருள். பைடூரியின் வேர் சமஸ்கிருத வைடூர்யம், நம் வீட்டு நவரத்தின மோதிரத்தில் இருக்கும் அதே வைடூரியம். பைடூரி வியாழனைப்போல் இரண்டு மடங்கு நிறையுள்ள பெருங்கோள். சூரியனைச் சுற்ற நமக்கு ஆகும் காலத்தைவிடப் பதினைந்து நாள்போல் கூடுதலாக எடுத்துக்கொண்டு தன் விண்மீனைச் சுற்றுகிறது. பாதைதான் விபரீதம். அவ்வளவு நீண்ட வட்டம் அது. தொலைவுக்குப் போகும்போது, நெருங்கி வருவதைப்போல் சுமார் ஏழு மடங்கு தூரம் விலகிவிடுகிறது. அதற்கு ஒரு நிலாவும் அந்த நிலாவில் ஒரு குடியிருப்பும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டுக்குள் முல்லை கருகிப் பாலையாகும், பனி மூடும், மறுபடி தளிர்க்கும். எழுதுங்கள் அதை!

இன்னொன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1965-ல் வந்த டியூன் நாவலின் பாலைக்கோள் அராக்கிஸ் சுற்றுவது கனோபஸ் என்ற நிஜ விண்மீனை. கனோபஸ்தான் நம் அகத்தியர் மீன். கடலையே குடித்துத் தீர்த்த முனிவரின் வாசலில் சொட்டுத் தண்ணீரில்லாத ஒரு கோள்! இதை முதன்முதலில் கண்டுகொண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பிப்ரவரி நடுவில் இரவு பத்து மணிக்குத் தெலுக் கும்பார் கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள். உச்சிக்குப் பக்கத்தில் மின்னும் சிரியஸுக்குக் கீழே, அதற்கடுத்த பிரகாசத்தில் அவர் நிற்பார்.

ஆங்கிலப் பெயரா, தமிழ்ப் பெயரா என்பதை உங்கள் கதையில் வரும் ஒரு பிள்ளையிடம் விடுங்கள். அந்தப் பனிக்கோளில் பிறந்து, வேறெங்கும் போகாத பிள்ளை. அது தன் ஊரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறது? அந்தப் பெயரை முதல் அத்தியாயத்தோடு அனுப்புங்கள். நான்கு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.