ஒரே தலைப்பில் வெவ்வேறு கூட்டங்களில் பேச வேண்டியிருக்கிறது. கேட்பவர்களைப் புரிந்துகொண்டு பேச்சை எப்படி மாற்றுவது?

வயது, படிப்பு, தொழில் என்று விவரம் சேகரிப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதைவிட முக்கியமானவை மூன்று: அவர்கள் விரும்பி வருகிறார்களா, வரச்சொல்லி வருகிறார்களா? இதைப் பற்றி ஏற்கெனவே என்ன கேட்டிருக்கிறார்கள்? நீங்கள் சொல்வதை ஏற்றால் அவர்களுக்கு என்ன இழப்பு? ஏற்பாட்டாளரிடம் இவற்றைக் கேளுங்கள். பேச்சு தொடங்குமுன் முன்னதாகவே போய், வந்திருப்பவர்களில் மூன்று நான்கு பேரிடமும் பேசிப் பாருங்கள். ஏற்பாட்டாளர் சொன்னதற்கும் அவர்கள் சொல்வதற்கும் பெரும்பாலும் இடைவெளி இருக்கும்.

உதாரணமாக, தலைப்பு கூட்டு வட்டி, அதாவது வட்டிக்கும் வட்டி சேர்வது, என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதத்தில் பணம் சுமார் 9 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். இருபது வயதுக்காரர்களிடம் 40 ஆண்டுக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். 21 மடங்குக்கு மேல் வரும். ஓய்வுபெற்றவர்களிடம் அதே கணக்கைச் சொன்னால் மனம் நொந்துபோவார்கள். அவர்களுக்கு அதைத் திருப்பிப் போடுங்கள்: விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். சூத்திரம் ஒன்றுதான், நுழையும் வாசல்தான் வேறு. கணக்காளர்கள் கூட்டமென்றால் சூத்திரத்தை விளக்கவே வேண்டாம், பொறுமை இழந்துவிடுவார்கள்.

தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கலந்திருந்தால், கலைச்சொல் வரும் இடத்திலேயே அரை வாக்கியத்தில் பொருள் சொல்லிவிட்டு நகருங்கள். “தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்” என்ற முன்னுரை வேண்டாம். அது பாதிப் பேரைக் கூச வைக்கும்.

மேடையில் ஒரு முகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். கை கட்டியிருப்பவருக்குக் குளிராகவும் இருக்கலாம். ஒரு வரிசை முழுக்க போனைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும். கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தால் எழுத்து சிறிதாக இருக்கிறது என்று பொருள். முகத்தில் சலனமே இல்லையென்றால் கூர்ந்து கேட்கிறார்கள் என்றும் இருக்கலாம். அதைப் பார்த்துப் பதறி வேகமெடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. “புரிகிறதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பயனில்லை. “இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?” என்று கேட்டுக் கைதூக்கச் சொல்லுங்கள். தவறான பதிலுக்கு நிறையக் கைகள் எழுந்தால், சொன்னதையே உரக்கச் சொல்லாமல் வேறோர் உதாரணத்துக்குப் போங்கள்.

இதற்கெல்லாம் பேச்சில் இடம் வேண்டும். 20 நிமிடப் பேச்சென்றால் கட்டாயப் பகுதி 12 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. மீதியைத் தனித்தனியாகக் கழற்றக்கூடிய உதாரணங்களாக வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைந்தால் அவற்றில் கைவையுங்கள், முடிவுரையில் அல்ல.

மாற்றக்கூடாதது உங்கள் கருத்து. கூட்டத்துக்குப் பிடிக்காது என்று அதை மழுப்பாதீர்கள். அவர்களுடைய ஆட்சேபத்தை நீங்களே முதலில் நேர்மையாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வாருங்கள்.