உப்பும் உளவும்

கேள்வி: சீனாவின் ஆளில்லா நீர்மூழ்கிகளைப் பற்றி வீண் பீதி கிளப்புகிறார்கள். இந்தோனேசிய மீனவர் கண்டெடுத்தது வெறும் கடல் ஆய்வுக் கருவிதானே? வெப்பத்தையும் உப்பையும் அளப்பதில் ராணுவம் எங்கே வந்தது?

பதில்: அந்த 'வெறும்' தான் இடிக்கிறது.

2020 டிசம்பரில் சுலாவேசிக்குத் தெற்கே செலாயார் தீவருகே கிடைத்தது 225 செ.மீ. நீளக் குழாய். இரண்டு சிறகு, வாலில் ஆன்டெனா. புரொப்பல்லர் கிடையாது. எண்ணெயைப் பையில் தள்ளியும் திரும்ப இழுத்தும் மிதப்பைக் கூட்டிக் குறைத்து, மேலும் கீழுமாகச் சறுக்கிப் போகும் 'கிளைடர்' ரகம். ஆள் நடக்கும் வேகம்கூட இல்லை. சீனாவின் 'ஹாய்யீ' கிளைடர் போலவே அச்சு அசலாக இருந்தது. எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை என்றார் இந்தோனேசியக் கடற்படைத் தளபதி, பட்டும் படாமல்.

நீர்மூழ்கிக்குக் கண் கிடையாது, காதுதான். கடலுக்குள் ஒலி எப்படி வளையும் என்பதை வெப்பமும் உப்பும் அழுத்தமும்தான் தீர்மானிக்கின்றன. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் நீர் ஓர் ஆழத்தில் சட்டென்று குளிரும். அதற்குக் கீழே பதுங்கினால் மேலே போகும் கப்பலின் சோனாருக்கு, அதாவது ஒலியால் தேடும் கருவிக்கு, அகப்படுவது கடினம். அந்த அடுக்கு எந்த மாதம் எத்தனை மீட்டரில் இருக்கும் என்று அறிந்தவனுக்கு ஒளியவும் தெரியும், ஒளிந்தவனைத் தேடவும் தெரியும். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. மூழ்கியபடியே இந்தியப் பெருங்கடலுக்கு வர இந்தோனேசியாவின் பாலித் தீவை ஒட்டிய ஆழமான லொம்போக் நீரிணைதான் தோது. செலாயார் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

2016 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் சுபிக் வளைகுடாவுக்கு வெளியே, அமெரிக்கக் கப்பல் 'பௌடிச்' இறக்கிவிட்ட கிளைடரைச் சீனக் கடற்படை அள்ளிக்கொண்டு போய், ஐந்து நாள் கழித்துத் திருப்பித் தந்தது. அதுவும் உப்பையும் வெப்பத்தையும் அளந்த கருவிதான். வெறும் உப்புக்கு ஏன் ஐயா அத்தனை பாடு?

2019 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங் அணிவகுப்பில் லாரி மேல் வந்த 'எச்எஸ்யூ-001' என்ற சீன ஆளில்லா நீர்மூழ்கி வேறு ரகம், பெரிசு. ரேடியோ அலை கடல்நீருக்குள் ஆழமாகப் போகாது. பேச முடியாத இயந்திரத்திடம் டார்பிடோவைக் கொடுக்க எந்த அட்மிரலும் யோசிப்பார். ஆனால் கண்ணிவெடி வைத்துவிட்டுத் திரும்பவோ, கடலடியில் கிடந்து ஒட்டுக்கேட்கவோ பேச்சே தேவையில்லை. பயப்பட வேண்டுமென்றால் அதற்குப் பயப்படலாம்.

அதே 2019 கடைசியில் 'சியாங்யாங்ஹோங் 06' என்ற சீன ஆய்வுக் கப்பல் இந்தியப் பெருங்கடலில் 12 கிளைடர்களை இறக்கியது. 3,400க்கு மேல் அளவீடுகள். அவற்றை யாரும் லாரியில் ஏற்றி ஊர்வலம் விடவில்லை.