மூலையில் வளைக்கும்போது பின்னணிப் பலகை உடைவது ஏன்?

கேள்வி: செங்கோட்டை – புனலூர் மலை ரயில்பாதையை ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாடல் ரயிலாக அறை மூலையில் கட்டுகிறேன். பின்னால் வானமும் மலையும் வரைவதற்கான பின்னணிப் பலகையை மூலையில் வளைத்தால் 3 மி.மீ. ப்ளைவுட் படக்கென்று உடைகிறது. என்ன செய்யலாம்?

ப்ளைவுட்டின் மேல் பழி போடாதீர்கள். அநேகமாக 8 x 4 ஷீட்டை நீளவாக்கில் அறுத்து, 2 அடி உயரத்துக்கு 8 அடிப் பட்டையாக எடுத்திருப்பீர்கள். இணைப்பே இல்லாமல் முடியும் என்ற ஆசை எல்லாருக்கும் வருவதுதான். சாதாரண ஷீட்டில் மேலடுக்கு, கீழடுக்கு இரண்டின் ரேகையும் 8 அடிப் பக்கமாக ஓடும். அந்தத் திசையிலேயே வளைத்தால் இழை முறியத்தான் செய்யும். ஷீட்டைக் குறுக்கே அறுத்து, ரேகை செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். அதே பலகை சொன்னபடி கேட்கும். பட்டை 4 அடிதான் கிடைக்கும், பரவாயில்லை.

அந்த 4 அடி போதுமா என்றால், போதும். மூலையின் ஆரம் 450 மி.மீ. என்றால் கால்வட்டத்தின் நீளம் 707 மி.மீ. 4 அடி என்பது 1220. மிச்சத்தை இரண்டு பக்கமும் பங்கிட்டால் நேர்ச்சுவரில் சுமார் 10 அங்குலம் ஓடும். இணைப்பு அங்கே வரட்டும். வளைவின் மேலோ, வளைவு தொடங்கும் இடத்திலோ இணைப்பு வரவே கூடாது. பலகையின் நுனிக்கு வளையப் பிடிக்காது, கடைசி இரண்டு மூன்று அங்குலம் விறைப்பாகவே நிற்கும். எவ்வளவு பட்டி பூசினாலும் அந்த முழங்கை மறையாது.

வெட்டுவதற்கு முன் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆரம் பெரிதாக இருந்தால் அழகு என்று பலர் சொல்வார்கள், வானத்துக்கு அது சரிதான். ஆனால் உங்கள் தண்டவாளத்தின் ஆரம் 24 அங்குலம் (610 மி.மீ.), நேர்ப்பகுதியில் அது பலகையிலிருந்து 100 மி.மீ. தள்ளி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியின் ஆரம் 710 என்றால் மூலையிலும் இடைவெளி அதே 100. 450 என்றால் மூலையில் 208 மி.மீ. கிடைக்கும், ஒரு சின்னக் குன்றே வைக்கலாம். அழகுக்காக 900 ஆக்கினால் இடைவெளி வெறும் 21 மி.மீ. எல்எச்பி பெட்டியை (இந்திய ரயில்வேயின் நீளமான பயணிகள் பெட்டி) சரியான 1:87 அளவில் செய்தால், அந்த வளைவில் அதன் வெளிமூலை தண்டவாள மையத்திலிருந்து சுமார் 27 மி.மீ. வெளியே நீளும். பெட்டி பலகையை உரசும். தண்டவாள ஆரத்தோடு நேர்ப்பகுதி இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள், பின்னணியின் ஆரம் அதைத் தாண்டக் கூடாது. கீழே 300 வரை இறங்கலாம், ஆனால் அதற்கு வளையும் ப்ளைதான் (சுருட்டுவதற்கென்றே செய்த ப்ளைவுட்) சரி. 3 மி.மீ. எம்டிஎஃப் (மர இழையை அழுத்திச் செய்த பலகை) 450-க்கு நிற்கும், 300-க்குப் பந்தயம் கட்ட மாட்டேன்.

வளையும் ப்ளை வாங்கப் போனால் எந்தப் பக்கம் சுருளும் என்று கேட்டு வாங்குங்கள். 8 அடிப் பக்கம் சுருளுவது, 4 அடிப் பக்கம் சுருளுவது என்று இரண்டு வகை உண்டு. உங்களுக்கு வேண்டியது 8 அடி நீளம் சுருளுவது, அதில் இணைப்பும் குறையும். கடையில் அளவுகோலையும் கையோடு வைத்திருங்கள். 3 மி.மீ. என்று பில்லில் இருக்கும், கையில் கிடைப்பது மெலிந்திருக்கும். கேட்டால் "எல்லாக் கடையிலும் இதுதான் சார்" என்பார்கள். தங்கத்தை மில்லிகிராமில் நிறுக்கும் ஊரில் பலகையை மட்டும் உத்தேசமாக விற்பது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அது இருக்கட்டும்.

"பின்னால் வரிவரியாகக் கீறிவிட்டு வளைக்கலாமே" என்று யாராவது வருவார்கள். மரவேலை வீடியோக்களில் கீறல் வளைவின் உட்பக்கம் இருக்கும், வளைக்கும்போது வாய் மூடிக்கொள்ளும். இங்கே நாம் பார்ப்பதே உட்பக்கம். கீறல் முதுகில் விழுகிறது, வளைத்தால் வாய் பிளக்கும். முன்பக்கம் கீறலுக்குக் கீறல் பட்டை பட்டையாக மடியும், பக்கவாட்டு வெளிச்சத்தில் அத்தனையும் தெரியும். 3 மி.மீ. பிவிசி ஃபோம் ஷீட் பயன்படுத்துகிறவர்களையும் குறை சொல்லவில்லை, எடை குறைவு, கரையான் வராது. ஆனால் 15 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 8 அடி ஷீட் 2 மி.மீ. அளவுக்கு நீண்டு சுருங்கும். ஓட்டுக்கூரை அறை என்றால் இணைப்பு ஒரு கோடையைத் தாண்டுவது கஷ்டம்.

சட்டத்துக்கு 18 மி.மீ. ப்ளையில் ஒரே ஆரத்தில் இரண்டு கால்வட்டத் துண்டுகளை ஜிக்சாவால் அறுங்கள், ஒன்று அடியில், ஒன்று உச்சியில். இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு ஒன்றாகத் தேய்த்தால்தான் வளைவு மேலும் கீழும் ஒத்துப்போகும். நடுவில் 2 x 1 ரீப்பர், 8 அங்குலத்துக்கு ஒன்று. வளைவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கட்டாயம் ஒவ்வொன்று. பலகையை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டே போய் ஒட்டுங்கள். ஒரு நுனியில் தொடங்கினால் மறுநுனியில் தொப்பை விழும். பிவிஏ பசை (மரவேலைக்கான வெள்ளைப் பசை) போதும், ஆனால் இரவு முழுக்கக் கிளாம்பில் இருக்கட்டும். மெல்லிய பலகையில் ஸ்க்ரூவின் தலை புதைந்து கிழித்துவிடும் என்பதால் ஸ்க்ரூ மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மட்டும். எம்டிஎஃப் என்றால் ஒட்டும் முன்பே இரண்டு முகத்துக்கும் பிரைமர் அடித்துவிடுங்கள், ஒட்டும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு. முன்பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் முதுகு ஈரம் குடித்துப் பலகை நெளியும்.

இணைப்புக்குப் பின்னால் 4 அங்குலப் பட்டை ஒட்டி, முன்னால் ஜிப்சம் போர்டு டேப்பும் ஜாயின்டிங் காம்பவுண்டும். வெள்ளை சிமென்ட் பட்டி வேண்டாம், பலகை அசையும், பட்டி அசையாது. மூன்று மெல்லிய பூச்சு, கடைசிப் பூச்சு 10 அங்குல அகலத்துக்குப் பரவ வேண்டும். காய்ந்ததும் 180, பிறகு 220 எண் தாளால் தேயுங்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். அப்போது தெரியாத மேடு பிறகும் தெரியாது.

வானத்துக்கு மேட் எமல்ஷன்தான், பளபளப்பு கூடவே கூடாது. வளைவில் விளக்கு செங்குத்துக் கோடாக மின்னும். ஃப்ளெக்ஸ் அச்சு வேண்டாம் என்பதற்கும் அதே காரணம். மெஷினில் கலந்த வெளிர் நீலம் ஒரு லிட்டர், அதே வகை வெள்ளை ஒரு லிட்டர் போதும். உச்சிக்கு நீலம் அப்படியே, நடுவுக்குப் பாதிப் பாதி, அடிவானத்துக்கு நாலு பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு நீலமும் துளி மஞ்சள் காவியும். மின்விசிறியை நிறுத்துங்கள். மூன்றுக்கும் தனித்தனி 4 அங்குல பிரஷ், ஈரம் காயும் முன் எல்லைகளில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கலக்க வேண்டும். நேர்ப்பகுதி, வளைவு எல்லாம் ஒரே மூச்சில். வளைவில் நிறுத்தினால் அந்தக் கோடு நிரந்தரம்.

அடிவானத்தை டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) குறியுங்கள், வளைவில் ஸ்கேல் உதவாது. செங்கோட்டைப் பக்கம் என்றால் கீழே தென்னையும் வயலும், பின்னால் நீலச் சாம்பலில் மலைத்தொடர், மேலே நிறைய வானம். ஆரியங்காவு ரயில் குகையைத் தாண்டிய கேரளப் பக்கம் என்றால் காடு மேலேறிப் பலகையின் முக்கால்வாசியைப் பிடித்துக்கொள்ளும். வானமே கொஞ்சம் என்பதால் இணைப்பை மறைக்கவும் சுலபம். குகையை மூலைக்கு அருகே வைத்தால் இரண்டு காட்சிகளையும் ஒரே வளைவு பிரித்துக் கொடுத்துவிடும். கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தைப் பின்னணியில் வரைவதாக இருந்தால் நேர்ப்பகுதியில் வரையுங்கள். கட்டடம், சாலை, பாலம் என்று நேர்க்கோடு உள்ள எதுவும் வளைவில் கோணிக்கொள்ளும், நீங்கள் நகர நகர அதுவும் நெளியும்.

பலகையிலிருந்து 3 அங்குலத்துக்குள் மரம் எதுவும் நட வேண்டாம், வானத்தில் நிழல் விழும். எல்இடி பட்டையை லேஅவுட்டின் (மாடல் முழுவதும் நிற்கும் மேடை) முன்விளிம்புக்கு மேலே, வளைவைப் பின்பற்றி ஓட்டுங்கள், வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின், நிறங்களை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 90. நேர்க்கோட்டில் ஓட்டினால் மூலை மட்டும் இருண்டு, வளைத்த உழைப்பு வீண். லோகோவுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்கள் விளக்கில்தான் சிக்கனம் பார்க்கிறார்கள், வானத்தின் நிறத்தையே அது மாற்றிவிடும். அதனால் பெயின்ட்டைக் கலப்பதும் அதே விளக்கின் அடியில் நடக்கட்டும்.